ஏழாம் அத்தியாயம்: இருவர் வண்டியில் நால்வர் உறங்க

இருவருக்கென்று வாங்கிய வண்டியில், அல்லது இருவருக்கென்றே தம் கையால் தச்சு வேலை செய்து அமைத்துக்கொண்ட வண்டியில், சில கோடைகாலங்களை இன்பமாகக் கழித்த தம்பதிகள், குழந்தைகள் பிறந்ததனாலோ, முதிய பெற்றோரையும் உடனழைத்துச் செல்ல வேண்டும் என்ற ஆவலினாலோ, இதற்குள் இன்னும் இருவர் படுக்க வழியுண்டா என்று ஒருநாள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். யோசனை எழுந்தவுடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, சுவருக்குச் சுவர் எவ்வளவு, தரைக்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு என்று பார்ப்பதே பெரும்பாலோர் செய்யும் காரியம். என் அனுபவத்தில் அது இரண்டாவது நாள் செய்ய வேண்டிய காரியம். வண்டியை அளப்பதற்கு முன்னால் உறங்குபவரை அளக்க வேண்டும். அதிலும் அவர் நிற்கும் உயரத்தை அல்ல, படுத்திருக்கும் சரீரத்தையே அளக்க வேண்டும்.

இதற்கு விசேஷமான உபகரணம் ஒன்றும் தேவையில்லை. வீட்டுத் தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, ஒவ்வொருவரையும் அவரவர் வழக்கமாக உறங்கும் நிலையில் தலையணையோடு படுக்கச் சொல்லி, உச்சந்தலைக்கு மேலும் பாத நுனிக்குக் கீழும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் வெளியேயும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டால் போதும். 1.74 மீட்டர் உயரமுள்ள ஒருவர் மல்லாந்து படுக்கும்போது, பாதம் நீள்வதாலும் தலையணை தலையைச் சற்று மேலே தள்ளுவதாலும், 1.84 மீட்டர் நீளம் கேட்கிறார். அவரே ஒருக்களித்து முழங்காலை மடக்கினால் மிகக் குறைந்த நீளத்தில் அடங்கிவிடுகிறார், ஆனால் 70 செ.மீ. அகலத்தைப் பிடித்துக்கொள்கிறார். உயரத்தோடு 10 செ.மீ. கூட்டினால் படுக்கையின் நீளம் என்பதையும், தனியாள் ஒருவருக்கு 60 செ.மீ. அகலத்துக்குக் குறைந்தால் உறக்கம் உறக்கமாக இராது என்பதையும், ஒருவரையொருவர் இடிக்காமல் இருவர் படுக்க 1.20 மீட்டர் வேண்டும், 1.40 இருந்தால் சௌகரியம் என்பதையும் பொது விதிகளாகக் கொள்ளலாம். ஆயினும் பொது விதியைக் காட்டிலும் உங்கள் வீட்டுத் தரையிலுள்ள சுண்ணாம்புக் கோடே நம்பத்தக்கது. குழந்தைகளுக்கு மட்டும் இன்றைய அளவை எடுத்துக்கொள்ளாமல், இன்னும் நான்கு ஆண்டுகளில் அவர்கள் வளரக்கூடிய உயரத்தை உத்தேசமாக மதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், இரண்டு கோடைகளுக்குப் பிறகு அத்தனை வேலையையும் பிரித்துக் கட்ட நேரும்.

இத்துறையில் நமக்கு முன்னால் உழைத்தவர்கள் விட்டுச்சென்ற உபாயங்கள் இரண்டு உண்டு. ஜெர்மனியில் வோல்க்ஸ்வாகன் நிறுவனத்தார் தங்கள் சிறிய சரக்கு வேனை 1950-ஆம் ஆண்டில் தயாரிக்கத் தொடங்க, மறு ஆண்டே வீடன்புரூக் ஊரிலுள்ள வெஸ்ட்ஃபாலியா தொழிற்சாலையார் அதற்கென ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரச்சாமான் தொகுதி ஒன்றைச் செய்தனர். வாரநாட்களில் வெளியே எடுத்து வைத்துவிட்டு வேனைத் தொழிலுக்கு ஓட்டலாம். விடுமுறையில் உள்ளே ஏற்றிவிட்டால் பகலில் அமரவும் இரவில் படுக்கவும் அதுவே உதவும். ஒரே இடம் பகலுக்கொரு வேலையும் இரவுக்கொரு வேலையும் செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து நாம் பெற்ற உபாயம். நம்மவருக்கு இது புதிதன்று. பகலில் சாய்மானமாகத் தொங்கி இரவில் தூக்கிக் கொக்கியில் மாட்டப்படும் ரயில்வண்டியின் நடுப் படுக்கையில் உறங்காதவர் நம்மில் யார்? மற்றோர் உபாயம் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் மார்ட்டின் வால்டர் நிறுவனத்தார் 1950-களில் செய்த ‘டோர்மொபில்’ வண்டிகளிலிருந்து வந்தது. கூரையை ஒரு பக்கத்துக் கீலின்மேல் சாய்வாக உயர்த்தி, கோடு போட்ட துணியால் இடைவெளியை மூடி, அந்த உயரத்தில் இருபுறமும் துணிப் படுக்கைகளை விரித்தார்கள். தரையில் இடமில்லாதபோது தலைக்குமேல் தேட வேண்டும் என்பதை அவர்கள் காட்டினார்கள். இப்புத்தகத்தில் நான் சொல்லப்போகும் எல்லா மாற்றங்களும் இவ்விரண்டினுள் அடங்கிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வண்டி வேண்டுமாகையால், ஐரோப்பாவில் முகாம் வண்டியாக மாற்றப்படும் வேன்களுள் மிகப் பெருவழக்கான ஃபியட் டுகாட்டோவையே எடுத்துக்கொள்கிறேன். 1981-ஆம் ஆண்டு முதல் இத்தாலியின் அப்ருட்ஸோ பிரதேசத்தில் அடெஸ்ஸா என்னுமிடத்தில் செய்யப்பட்டுவரும் இவ்வண்டியின் சிறப்பு அதன் பக்கச் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பது. நம் பேச்சுக்கு உகந்தது 5.41 மீட்டர் நீளமும் நடுத்தரக் கூரையும் உடைய வகை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 3.12 மீட்டர் நீளம், உள்ளே மிக அகன்ற இடத்தில் 1.87 மீட்டர் அகலம், தரையிலிருந்து கூரைவரை 1.93 மீட்டர் உயரம்: இவையே நமக்குக் கிடைத்த மூலதனம். இந்த 3.12 மீட்டரில் இரண்டு மீட்டர் படுக்கையை நீளவாக்கில் போட்டால் சமையலுக்கும் அமர்வதற்கும் இடமே இராது. ஆகையால் பின்பக்கம் குறுக்குவாக்கில், ஒரு பக்கச் சுவரில் தலையும் மறுபக்கச் சுவரில் காலுமாகப் படுப்பதே வழி. 1.78 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்கள் இந்த நீளத்து வண்டியை விட்டு 5.99 மீட்டர் வண்டியை நாடுவது நல்லது, அல்லது சுவரின் இரும்புத் தகட்டை வெட்டி வெளிப்புறமாகப் புடைக்கும் பக்கக் கூண்டுகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அது தேர்ந்த பட்டறையார் செய்ய வேண்டிய வேலை.

இவ்விடத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லாமல் இருப்பது நியாயமன்று. என் முதல் வண்டியில் 1.87 என்ற எண்ணை அப்படியே நம்பிப் படுக்கையை வரைந்தேன். குளிருக்கு அணைவாக இருபுறமும் மூன்று செ.மீ. பஞ்சுத் தகடும் அதன்மேல் ஒரு செ.மீ. பலகையும் வைத்து மூடிய பிறகு மிஞ்சியது 1.79 மீட்டர். வீட்டில் சுண்ணாம்புக் கோடு 1.84 என்று சொல்லியிருந்தது. நார்வேயின் மேற்குக் கரையில், மழை விடாது பெய்த முதல் வாரம் முழுவதும், பாதங்கள் குளிர்ந்த பலகையில் அழுந்த, ஒருக்களித்தே உறங்கினேன். ஊர் திரும்பியதும், தலையும் காலும் வரும் இடத்தில் மட்டும், வண்டியின் இரும்பு விலாக்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் பலகையை அறுத்தெடுத்துவிட்டு, ஒரு செ.மீ. ரப்பர் நுரைத் தகட்டைத் தகரத்தோடு ஒட்டி, அதன்மேல் மெல்லிய கம்பளத் துணியைப் பரப்பினேன். இழந்த அகலத்தில் பெரும்பகுதி மீண்டது. அங்கே சுவர் சற்றே குளிரும். அதற்கு ஒரு தலையணையைச் சுவரோரம் வைப்பது போதிய பரிகாரம். படுக்கை நீளம் எவ்வளவு என்பதைச் சுவர் மூடிய பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். பின்புறத்தில் ஏற்கெனவே இருவர் படுக்கை இருக்கிறது; அதற்கு மேலே ஒரு பரண் அமைத்து அதில் குழந்தைகள் இருவரையும் ஏற்றுவதே நால்வர் உறங்குவதற்கான மிகச் சிக்கனமான உபாயம். அது சாத்தியமா என்பதை உயரக் கணக்கு ஒன்றே தீர்மானிக்கும். தரைப் பலகையும் கூரைப் பலகையும் போக 1.86 மீட்டர் எஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப் படுக்கைச் சட்டம் தரையிலிருந்து 45 செ.மீ., அதன்மேல் மெத்தை 10. மேலே பெற்றோர் புரண்டு படுக்கவும் முழங்கையை ஊன்றி எழவும் இடைவெளி 60. பரணின் சட்டமும் பலகையும் சேர்ந்து 5. அதன் மெத்தை 8. ஆகக் கூட்டினால் 1.28 மீட்டர். மிச்சமுள்ள 58 செ.மீ. குழந்தைகளுக்கு. அவர்கள் அதில் நிமிர்ந்து உட்கார முடியாது. ஆனால் கவிழ்ந்து படுத்துப் புத்தகம் படிக்கலாம், புரளலாம், அச்சமின்றி உறங்கலாம். கீழ்ப் படுக்கையின் அடியிலுள்ள 45 செ.மீ. பெட்டிகளுக்கு. இந்த எண்களில் எதை ஓர் அங்குலம் கூட்டினாலும் மற்றொன்றில் ஓர் அங்குலம் குறையும். குறைக்கக்கூடாத எண் பெற்றோருக்கும் பரணுக்கும் இடையிலுள்ள அறுபது. அதைச் சுருக்கியவர்கள் பின்னால் பரணையே கழற்றிப் போட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பரணைக் கீழ்ப் படுக்கையின் அளவுக்கே செய்ய வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கீழே 1.40 மீட்டர் அகலமிருந்தால், மேலே 1.10 போதும், அதைப் பின்கதவோரமாகத் தள்ளி அமைத்தால், முன்பக்கத்தில் 30 செ.மீ. திறந்த வெளியாக இருக்கும். அந்த வெளிதான் தாய் நள்ளிரவில் எழுந்து உட்காரும் இடம், காலையில் சட்டை மாட்டிக்கொள்ளும் இடம், குழந்தை மேலிருந்து எட்டிப் பார்த்துத் தண்ணீர் கேட்கும் ஜன்னல். மேலே போகப் போகச் சுவர் உள்நோக்கி வளைவதால் பரணின் நீளம் கீழ்ப் படுக்கையைவிடக் குறையும். சிறுவர்களுக்கு அது குறையல்ல.

கட்டும் முறையைச் சொல்கிறேன். இருபுறச் சுவர்களிலும், பரணின் உயரத்தில், வண்டியின் இரும்பு விலாக்கள் குறைந்தது மூன்றில் பிடிக்குமாறு, ஒரு கனமான அலுமினிய எல்-கோணத்தை எட்டு மில்லிமீட்டர் ரிவெட் நட்டுகளால் இறுக்குங்கள். பசையை மட்டும் நம்பி எதையும் தலைக்குமேல் தொங்கவிடக் கூடாது. மெல்லிய வெளித்தகட்டில் துளை போட்டுத் திருகு ஏற்றுவதும் ஆகாது. துளைக்குமுன் அந்த விலாவுக்குள் மின்கம்பி ஓடுகிறதா என்று விளக்கடித்துப் பார்த்துக்கொள்வது அவசியம். கோணங்களின்மேல், 40-க்கு 40 மில்லிமீட்டர் அலுமினியச் சட்டங்கள் மூன்றைச் சுவருக்குச் சுவர் பாலம்போல் வைத்து, அவை நழுவாதபடி முனைகளில் போல்ட்டு போடுங்கள். அவற்றின்மேல் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் பலகையை இரு பாதிகளாக, புத்தகம்போல் கீல் வைத்து மடிக்கும்படி அறுத்து இடுங்கள். ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ எட்டுக் கிலோ, ஒருவரே தூக்கலாம். பலகை முழுவதும் நாலு விரல் இடைவெளியில் துளைகள் போட்டால் எடையும் குறையும், மெத்தைக்கும் காற்று கிடைக்கும்.

கட்டி முடித்தவுடன் குழந்தைகளை ஏற்றாதீர்கள். இருவரும் சேர்ந்து அறுபது கிலோ என்றால், அதைப்போல் இருமடங்கு, அதாவது 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் ஆறினைப் பரணில் பரப்பி, ஓர் இரவு முழுவதும் விட்டுவைத்து, காலையில் ஒவ்வொரு போல்ட்டையும் கோணத்தையும் பாருங்கள். சிறுவர்கள் அசையாமல் கிடக்கும் பாரமல்லர், குதிப்பார்கள், உதைப்பார்கள். விளிம்பில் பலகைத் தடுப்பு வைப்பதைவிட, பரணின் ஓரத்திலிருந்து கூரைவரை கொக்கியில் மாட்டும் கெட்டியான வலை மேல். விழாமல் காக்கும், காற்றையும் மறைக்காது. கொக்கிகள் குழந்தையின் கைக்கும் எட்டி, உள்ளிருந்தும் கழல வேண்டும். அவ்வாறே பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வேனாகப் பிறந்த சில வண்டிகளில் அந்த வசதி இராது. முன்பக்கம் அடுப்பு இருக்கிறது. தீ என்று வந்தால் பின்பக்கத்தில் நால்வருக்கும் வேறு வழி இல்லை.

வண்டி ஓடும்போது பரணில் யாரும் படுத்திருக்கக் கூடாது, சாமான்களும் இருக்கக் கூடாது. படுக்கைகளின் எண்ணிக்கை வேறு, பிரயாணம் செய்யத்தக்க இருக்கைகளின் எண்ணிக்கை வேறு. நால்வர் உறங்கும் வண்டியில் நால்வருக்கும் பட்டையோடு கூடிய இருக்கை இருந்தால்தான் நால்வர் பயணம் செய்யலாம். பட்டை பொருத்திய பின்னிருக்கையின் இரும்புச் சட்டம், மோதலின் விசையைத் தாங்குமா என்று சோதித்து அனுமதிக்கப்பட்டது. படுக்கைக்கு இடம் காண அதைச் சிறிதும் அறுக்கவோ துளைக்கவோ நகர்த்தவோ வேண்டாம். வேறெந்தப் பலகையை வேண்டுமானாலும் உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்குப் பரண் உதவாது. முழங்கால் வலியுள்ள முதியவருக்கு வேண்டியது, உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும் உயரத்தில், பக்கவாட்டுக் கதவுக்கு அருகில், இரவில் யாரையும் தாண்டாமல் எழுந்து போகக்கூடிய ஒரு படுக்கை. அதற்கு முன்பக்கத்து இருக்கையையும் மேசையையும் இரவில் ஒன்றாக்குவதே வழி. மேசையின் காலைத் தாழ்த்தி அதன் பலகையை இருக்கையின் மட்டத்துக்கு இறக்கி, மேலே ஒரு மெத்தைத் துண்டை வைத்து, முன்னாலுள்ள பிரயாணி இருக்கையைச் சுழல்தட்டின் மீது பின்னோக்கித் திருப்பினால், ஒருவர் படுக்கும் நீளம் கிடைத்துவிடும். சுழல்தட்டு இருக்கையை உயர்த்திவிடுவதால் மட்டம் ஒத்து வராது. அந்த ஏற்றத்தாழ்வுக்கு ஆப்பு வடிவில் ஒரு நுரைத் துண்டைத் தனியே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு துண்டுகள் சேருமிடமெல்லாம் இடுப்பில் உறுத்தும், ஐந்து செ.மீ. மெல்லிய மெத்தை ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே விரிப்பாக விரித்தால் அக்குறை தீரும். தனித் துண்டுகளை மட்டும் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மூத்தோரை அதில் படுக்கவைக்க விரும்புகிறவர்கள் இதை மறக்கலாகாது.

ஒற்றைக் குழந்தையுள்ளவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஓட்டுநர் அறையில், இரு முன்னிருக்கைகளுக்கு மேலே, இரண்டு இரும்புக் குழாய்களில் கெட்டித் துணியைக் கோத்துக் குறுக்கே மாட்டும் தூளிப் படுக்கை, பழைய வோல்க்ஸ்வாகன் வண்டிகளிலேயே இருந்தது. பகலில் அதைச் சுருட்டினால் குடை அளவுக்கு மேல் இராது. அதில் உறங்கிய குழந்தைகள் வளர்ந்த பின்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். உயரும் கூரை பொருத்துவது வேறொரு மார்க்கம். இரண்டு பெரியவர்கள் தாராளமாகப் படுக்கும் மெத்தை அதில் அமையும். ஆனால் கூரையின் இரும்பை வெட்ட வேண்டியிருப்பதாலும், நூறு கிலோவுக்குமேல் எடை கூடக்கூடும் என்பதாலும், ஜெர்மனி போன்ற நாடுகளில் பரிசோதகரின் ஒப்புதலோடு வண்டிப் பத்திரத்தில் பதிய வேண்டியிருப்பதாலும், அதைத் தொழில்முறைப் பட்டறையாரிடமே விட வேண்டும்.

எடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆட்கள், தண்ணீர், சாமான் அனைத்தும் சேர்ந்து 3,500 கிலோவே வரம்பு. இருவர் நால்வரானால் ஆட்களும் அவர்களுடைய துணிமணிகளும் சேர்ந்தே நூறு கிலோவுக்குமேல் கூடிவிடும். அதன்மேல் மரவேலையின் பாரம் வேறு. 2.44-க்கு 1.22 மீட்டர் அளவும் 18 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிர்ச் பிளைவுட் பலகை ஒன்று ஏறத்தாழ 36 கிலோ. அதே அளவு பாப்லர் பலகை 24 கிலோவுக்குள் அடங்கும். ஆகவே பாரம் தாங்கும் இடத்துக்கு மட்டும் பிர்ச், பெட்டிக்கதவு முதலியவற்றுக்குப் பாப்லர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன் ஒருமுறையும், பின் நால்வரும் ஏறி அமர்ந்து தண்ணீர்த் தொட்டி நிரம்பிய நிலையில் ஒருமுறையும் எடை மேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நால்வர் சுவாசிக்கும் சிறிய அறையில், ஒவ்வொருவரும் ஓரிரவில் வெளியிடும் ஈரம் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாது. அந்த ஈரம் குளிர்ந்த தகரத்திலும், மெத்தையின் அடிப்புறத்திலும் படிந்து, சில வாரங்களில் பூஞ்சை பிடித்துவிடும். கூரைக் காற்றுப்போக்கியைக் குளிர்காலத்திலும் இரண்டு விரற்கடை திறந்து வைப்பதும், மெத்தையின் கீழே காற்று ஊடாடும் வலைப்பின்னல் விரிப்பு ஒன்றைப் போடுவதும், காலையில் பரண் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைப்பதும் கட்டாயம். சூடாக்கியின் காற்றுவாயைப் புதிய படுக்கைச் சட்டம் அடைத்துவிடாமல் பார்ப்பதோடு, புகையையும், மணமில்லாத கார்பன் மோனாக்ஸைடையும் உணர்ந்து ஒலிக்கும் கருவிகள் இரண்டையும் உறங்குவோர் காதுக்கு எட்டும்படி அமையுங்கள்.

படுக்கை அமைந்த பின்பும், இரவில் அதை விரிப்பதற்கு எத்தனை காரியம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே அது உபயோகப்படுமா என்பதைத் தீர்மானிக்கும். மழையில் வந்து நின்று, குழந்தைகள் பசித்து அழும்போது, இரண்டு பெட்டிகளை வெளியே வைத்தால்தான் பரணை இறக்க முடியும் என்றால், அந்த வீட்டார் மூன்றாம் இரவிலேயே விடுதி தேடுவார்கள். எந்தச் சாமானையும் வண்டிக்கு வெளியே வைக்காமல், எந்தச் சாமானையும் இரண்டுமுறை நகர்த்தாமல், ஒரே ஆள் மூன்று நிமிஷத்தில் முடிக்கும்படி அமைப்பதே என் நிபந்தனை. படுக்கைத் துணிகளை ஒவ்வொருவருக்கும் ஒரு பையாகச் சுருட்டி, பகலில் அவையே சாய்வு மெத்தைகளாக இருக்கும்படி வைத்தால் பாதி வேலை தீரும்.

இத்தனையும் முடிந்தபின், தூர தேசத்துக்குப் புறப்படுமுன், உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி நால்வரும் ஓரிரவு அதில் உறங்குங்கள். குறுக்குவாக்கில் படுப்பவர்களுக்கு வண்டி இடமோ வலமோ சாய்ந்தால் இரத்தம் தலைக்கேறும். ஆகையால் சக்கரத்தின் கீழே ஏற்றக் கட்டைகள் வைத்து, நீர்மட்டக் கருவியால் மட்டம் பார்த்து, தலைப்பக்கம் ஓர் இழை உயர்ந்திருக்கும்படி செய்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு பென்சிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எந்த இடம் இடிக்கிறது, எந்தக் கீல் கிரீச்சிடுகிறது, விளக்கின் சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா, கண்ணாடியைக் கழற்றி வைக்க இடமுண்டா என்பதையெல்லாம் அந்தந்த இடத்துப் பலகையிலேயே எழுதச் சொல்லுங்கள், குழந்தைகளும் எழுதட்டும். பலகைகளுக்கு எண்ணெய் பூசுவதும் துணி ஒட்டுவதும் அந்தப் பென்சில் குறிப்புகள் ஒவ்வொன்றையும் சரிசெய்து அழித்த பிறகு செய்ய வேண்டிய வேலைகள்.